எஸ்சிடாலோபிராமை நிறுத்தவே முடியாதா? மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் உங்களுக்கு வயது 36. இரண்டாவது குழந்தை பிறந்த சில மாதங்களில் வந்த மனச்சோர்வுக்காக எஸ்சிடாலோபிராம் 10 மி.கி. மாத்திரையை இரவில் ஒன்று வீதம் இரண்டரை ஆண்டுகளாகப் போட்டு வருகிறீர்கள். ஓர் ஆண்டுக்கும் மேலாக நன்றாகவே இருக்கிறீர்கள். புரட்டாசி பிறந்ததும் "இனி எதற்கு" என்று நீங்களாகவே நிறுத்தினீர்கள். மூன்றாம் நாளிலிருந்து கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாலே தலைக்குள் சுரீர் என்று மின்சாரம் பாய்கிறது. தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத அழுகை, விடிய விடியக் கனவுகள். எட்டாம் நாள் பயந்துபோய் மறுபடி மாத்திரையைப் போட்டீர்கள். இரண்டே நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. "அது போதை மாத்திரை, பழகிவிட்டது" என்கிறார் மாமியார். "நோய் திரும்பிவிட்டது, ஆயுள் முழுக்கப் போட வேண்டியதுதான்" என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர். இதை நிறுத்தவே முடியாதா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்த முடியுமா என்பது இரண்டாவது கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த எட்டு நாளில் உங்களுக்கு வந்தது பழைய நோயா, மருந்து உடம்பை விட்டு இறங்கும்போது எழுகிற தொந்தரவா என்பதுதான் முதல் கேள்வி. நோய் என்றால் மாத்திரை தொடர வேண்டும். இறங்கும்போது வருகிற தொந்தரவு என்றால் இறங்கிய வேகம்தான் தவறு. மெதுவாக இறங்க வேண்டும். ஒன்றை மற்றொன்று என்று எடுத்துக்கொண்டதால் தேவையில்லாமல் பத்து ஆண்டு மாத்திரை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையிருந்தும் விட்டுவிட்டு மறுபடி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் மனநல மருத்துவர். புதுச்சேரியிலும் கடலூரிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். உங்களை நேரில் பார்த்ததில்லை. ஆகவே கீழே வருகிற அளவுகளை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்கான விவரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், வந்தது பெரும்பாலும் நிறுத்தியதால் வந்த தொந்தரவுதான். அப்படி நினைக்க மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதலாவது காலம். மனச்சோர்வு திரும்புவதென்றால் வாரக்கணக்கில், பெரும்பாலும் மாதக்கணக்கில், மெல்ல மெல்லத் திரும்பும். மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டாது. இரண்டாவது, தொந்தரவின் தன்மை. மனச்சோர்வு வந்த நாட்களில் உங்களுக்குத் தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததா? கண்ணைத் திருப்பினால் சுரீர் என்றதா? அது அந்த நோயின் அடையாளமே இல்லை. மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: மறுபடி போட்டதும் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. இந்த மருந்து மனச்சோர்வைக் குறைக்க இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும் என்று முதன்முதலில் சீட்டு எழுதியபோது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இரண்டு நாளில் தணிந்தது நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அழுகையும் பதற்றமும் மட்டும் இந்தக் கணக்கில் குழப்பும், ஏனென்றால் அவை இரண்டிலும் வரும். மின்னதிர்ச்சியோடும் தலைச்சுற்றலோடும் சேர்ந்து வந்து, அவற்றோடு சேர்ந்தே போனால் நிறுத்தலின் பக்கம் சாய்வேன். மற்றவை எல்லாம் அடங்கி ஆறு வாரம் கழித்து, காலையில் எழுந்திருக்கவே பிடிக்காமல், குழந்தையின் முகத்தைப் பார்த்தாலும் எதுவும் தோன்றாமல், சாப்பாடு மண்ணாக இருந்தால் அது நோயின் பக்கம். உங்களுக்கு முதன்முதலில் நோய் எப்படித் தொடங்கியது என்பதை நீங்களும் கணவரும் நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய ஜாடை தெரிகிறதா என்பதைத்தான் பின்னால் பார்க்க வேண்டியிருக்கும்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். போதைக்கு அடிமையானவருக்கு அந்தப் பொருளின் மேல் தீராத வேட்கை இருக்கும். அளவு கூடிக்கொண்டே போகும். அதற்காகப் பொய் சொல்வார், கடன் வாங்குவார். எஸ்சிடாலோபிராமை யாரும் கூடுதலாக இரண்டு போட்டுக்கொண்டு கிறங்கி உட்கார்ந்ததில்லை. ஆனால் "பழகிவிட்டது" என்று அவர் சொன்ன சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. மூளையில் நரம்பணுக்கள் செரோடோனின் என்ற வேதிப்பொருளை வெளிவிட்டு மறுபடி உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சுகிற அந்த வாயில்களை இந்த மருந்து அடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் வாயில் அடைந்தே இருந்தால் மூளை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஒரே இரவில் எல்லா வாயிலையும் திறந்துவிட்டால் அது தடுமாறும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென்று விட்டாலும் உடம்பு இப்படித்தான் எகிறும். அவற்றைப் போடுபவரை அடிமை என்று யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2008 வாக்கில், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் இதே வகை மருந்தான பராக்ஸெட்டின் போட்டுக்கொண்டிருந்தார். நன்றாகிவிட்டார், நிறுத்தலாம் என்றேன். "இரண்டு வாரம் பாதி, அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்திவிடுங்கள்" என்று சீட்டில் எழுதினேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். ஐந்தாவது வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். "சார், தலையைத் திருப்பினால் உலகம் அரை நொடி தாமதமாகத் திரும்புகிறது" என்றார். இத்தனை துல்லியமாக ஒருவர் சொல்லும்போது காது கொடுத்திருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் 'லேசானது, ஓரிரு வாரத்தில் தானே அடங்கும்' என்று இருந்தது. நான் 'பதற்றம்' என்று எழுதி மாத்திரையின் அளவைக் கூட்டினேன். மேலும் பல ஆண்டுகள் அவர் அதைப் போட்டார். பின்னாளில் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாக இறங்கி வெளியே வந்தார். இத்தனைக்கும் என் மேல் அவருக்குக் கோபமில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்கள் மருத்துவர் சொன்னதை நான் கடுமையாகப் பேசாததற்கும் அதுவே காரணம். ஒரு காலையில் எண்பது பேரைப் பார்க்கிற புறநோயாளிப் பிரிவில் "கண்ணைத் திருப்பினால் சுரீர் என்கிறதா" என்று கேட்க நேரம் கிடைப்பதில்லை.

எத்தனை பேருக்கு இந்தத் தொந்தரவு வரும்? இங்கே ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. 2019இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, நிறுத்துபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது என்றது. தொந்தரவு பட்டவர்கள் தாமாக முன்வந்து நிரப்பிய இணையக் கருத்துக்கணிப்புகளும் அதில் சேர்ந்திருந்தன. எண்ணிக்கை ஏறியதற்கு அது ஒரு காரணம். 2024இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தொகுத்ததில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அறிகுறி வந்தது. ஒப்பிடுவதற்காகத் தந்த, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்கு வந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் மருந்தின் கணக்கு என்றால் ஆறேழு பேரில் ஒருவர். கடுமையான தொந்தரவு ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு. ஆனால் அதில் சேர்ந்த ஆய்வுகளில் பலவும் சில மாதங்கள் மட்டுமே மருந்து போட்டவர்களைப் பற்றியவை. இரண்டரை ஆண்டு போட்ட உங்களுக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நீண்ட நாள் போட்டவர்களுக்கும், அளவு அதிகமாக இருந்தவர்களுக்கும், முன்பு ஒருமுறை நிறுத்தும்போது அவதிப்பட்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது என் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது. பலருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. அப்படி இழுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை 2019இலிருந்துதான் எங்கள் துறையின் பெரிய சங்கங்கள் வாய்விட்டு ஒப்புக்கொண்டன.

இனி உங்களுக்கு நேரடியாகப் பயன்படப் போகிற விஷயம். மாத்திரையின் அளவும் அது மூளையில் செய்கிற வேலையும் ஒரே விகிதத்தில் போவதில்லை. உப்பே போடாத குழம்பில் முதல் சிட்டிகை விழுந்தால் நாக்கு உடனே கண்டுகொள்ளும். உப்புச் சரியாக இருக்கிற குழம்பில் இன்னொரு சிட்டிகை விழுந்தால் தெரியாது. இதுவும் அப்படித்தான். எஸ்சிடாலோபிராமின் உடன்பிறப்பான சிடாலோபிராமை வைத்து மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 20 மி.கி. போட்டால் அந்த வாயில்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு அடைபடுகிறது. 9 மி.கி. அளவிலும் 70 அடைந்தே இருக்கிறது. 5.4 மி.கி.க்கு இறங்கினாலும் 60. அதற்குக் கீழேதான் சரிவு செங்குத்தாகிறது: 2.3 மி.கி.க்கு 40, 0.8 மி.கி.க்கு 20. எஸ்சிடாலோபிராமுக்கு ஏறத்தாழ இவற்றில் பாதி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.கி.யிலிருந்து 5க்கு இறங்குவது சிறு படி. 5 மி.கி.யிலிருந்து பூஜ்யத்துக்குப் போவது மாடியிலிருந்து குதிப்பது. "பாதியாக்கியபோது ஒன்றும் தெரியவில்லை சார், பாதியை நிறுத்தியபோதுதான் செத்துப் பிழைத்தேன்" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். 2019இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் இந்தக் கணக்கை எழுதி, அளவு குறையக் குறையப் படியையும் சிறிதாக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். ஹோரோவிட்ஸ் மனநல மருத்துவ ஆய்வாளர். தாமே இந்த மருந்தை விடும்போது அவதிப்பட்டவர். ஸ்கேன் எடுக்கப்பட்டவர்கள் சிலரே என்பதையும், இப்படி இறக்குவது மற்ற முறையைவிட மேல் என்று நிரூபிக்கிற பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் போதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் கணக்கில் நியாயம் இருக்கிறது. அவசரப்படாமல் இறங்குவதால் நட்டமும் அதிகமில்லை. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கிற நைஸ் என்ற அரசு அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், முதலில் பாதி பாதியாகவும், சிறிய அளவுக்கு வந்தபின் அப்போதைய அளவில் கால் பங்காகவும் குறைக்கலாம் என்கிறது.

ஆனால் எதையும் குறைக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டே படியுங்கள். எஸ்சிடாலோபிராம் என்று மட்டும் இருக்கிறதா, கூடவே குளோனசெபாம் 0.5 மி.கி. என்றும் இருக்கிறதா? நம் நாட்டில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பது மிகச் சாதாரணம். பெயரின் வாலில் பெரும்பாலும் 'பிளஸ்' என்று இருக்கும். சாதா மாத்திரை என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் பிளஸ் போடுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். குளோனசெபாம் வேறு வகை மருந்து. பதற்றத்துக்கும் வலிப்புக்கும் தருவது. நீண்ட நாள் போட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். மாமியார் சொன்ன 'பழக்கம்' என்ற சொல் இதற்குத்தான் நிஜமாகவே பொருந்தும். உங்கள் அட்டையில் அது இருந்தால் மேலே எழுதிய கணக்கு எதுவும் பொருந்தாது. முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள்; பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறைக்க வேண்டும். எதை முதலில் குறைப்பது என்பதை உங்களைப் பார்க்கிற மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தனி எஸ்சிடாலோபிராம்தான் என்றால், ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் முறை வேண்டாம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். நானே எழுதிக் கொடுத்ததைத்தான் சொன்னேனே. இந்த மருந்தில் பாதி ரத்தத்திலிருந்து வெளியேற ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். ஒருநாள் விட்டால் அடுத்த மாத்திரைக்குள் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். தினமும் ஒரு சின்ன நிறுத்தலும் ஒரு சின்னத் தொடக்கமுமாக மூளையை ஊஞ்சலாட்டுவதாகிவிடும். தினமும், அதே நேரத்தில், அளவை மட்டும் குறைத்துப் போடுவதுதான் முறை.

உங்களைப் போன்ற நிலையில் இருந்த ஒருவருக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலத்துக்குப் போகிற பெண். 10 மி.கி.யிலிருந்து 5க்கு வந்து ஒரு மாதம் இருந்தார். பிறகு 5 மி.கி. மாத்திரையைப் பாதியாக்கி 2.5, ஒரு மாதம். அதற்கடுத்த படியில் 5 மி.கி. மாத்திரையை நான்காக்க வேண்டியிருந்தது. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் வெள்ளைத் தாள் விரித்து, புது பிளேடால் வெட்டுவார். ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழும், ஓரத்தில் கொஞ்சம் தூளாகும். அந்தத் தூளையும் தாளோடு மடித்துக் கொண்டுவந்து "இதை எந்த நாள் கணக்கில் சேர்ப்பது?" என்று கேட்டார். மருந்துக் கடையில் மாத்திரை வெட்டும் சிறு பெட்டி கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வெட்டுவதில் துண்டுக்குத் துண்டு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நான்கு நாளில் ஒரு முழு மாத்திரை உள்ளே போய்விடுவதால் இந்த மருந்தில் அது பெரிதாகக் குழப்புவதில்லை. கடற்காற்றில் வெட்டிய மாத்திரை பிசுபிசுத்துப் போகும் என்பதால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் வெட்டச் சொன்னேன். அந்தக் கால் துண்டில் அவர் இரண்டு மாதம் நின்றார். நடுவில் ஒருமுறை அவசரப்பட்டு விட்டதில் மின்னதிர்ச்சி திரும்பியது. பழைய படிக்கே போய் மூன்று வாரம் இருந்துவிட்டு மறுபடி இறங்கினார். மொத்தம் ஏழு மாதம். இதைவிட வேகமாக, ஆறு வாரத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இறங்கியவர்களும் எனக்கு நிறையப் பேர் உண்டு. யார் எந்த வகை என்று முன்கூட்டியே சொல்லித்தர ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஒரு படி இறங்கி, மூன்று நான்கு வாரம் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த படி. எட்டு நாளில் சுவரில் மோதிய நீங்கள் மெதுவான பக்கத்திலேயே தொடங்குவது நல்லது.

மனச்சோர்வுக்கு வேறு மருந்து போடுகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு பத்தி. ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பை விட்டு முழுதாக வெளியேறப் பல வாரம் ஆகும். அது தன்னைத்தானே மெதுவாக இறக்கிக்கொள்கிற மருந்து. தொந்தரவு குறைவு, வந்தாலும் தாமதமாக வரும். பராக்ஸெட்டினும் வென்லாஃபாக்ஸினும் இதற்கு நேரெதிர். வென்லாஃபாக்ஸின் சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். காலை மாத்திரையை மறந்தவர் மாலைக்குள் தலை சுற்றுகிறது என்பார். வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். கடினமானவர்களை ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு மாற்றி அதன் வழியாக இறக்குவதுண்டு. இரண்டு மருந்தும் உடம்பில் ஒன்றாக இருக்கும் சில நாட்களில் செரோடோனின் மிஞ்சிப்போகிற ஆபத்து இருப்பதால் அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

நிறுத்தத்தான் வேண்டுமா என்பதையும் பேசிவிடுவோம். முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், நன்றான பிறகு குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும் என்பது பொது விதி. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டு மூன்று முறை வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சொல்வோம். 2021இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், நீண்ட நாள் மருந்து போட்டு நலமாக இருந்த 478 பேரில் பாதிப் பேருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மீதிப் பேருக்குத் தெரியாமலேயே படிப்படியாக மாவு மாத்திரையாக்கினார்கள். நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் ஓர் ஆண்டுக்குள் நோய் திரும்பியது. மருந்து காக்கிறது என்று இதைப் படிக்கலாம். நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பவில்லை என்றும் படிக்கலாம். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பு இரண்டு முறைக்கு மேல் நோயில் விழுந்தவர்கள் என்பதையும், இரண்டு மாதத்துக்குள்ளாகவே இறக்கியதால் நிறுத்தல் தொந்தரவுகளும் 'நோய் திரும்பியது' கணக்கில் கொஞ்சம் சேர்ந்திருக்கக்கூடும் என்பதையும் நான் கவனத்தில் வைப்பேன். உங்களுக்கு இதற்கு முன் எப்போதாவது, கல்லூரி நாட்களிலோ முதல் பிரசவத்துக்குப் பிறகோ, இதே போல் வந்திருந்தால் கணக்கு மாறும். ஒரு காலத்தில் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்த நாட்கள் உண்டா, தற்கொலை முயற்சி உண்டா, இவற்றையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். இறங்கும் மாதங்களில் மனநல ஆலோசகரிடம் தொடர்ந்து போனால் நோய் திரும்புவது குறைகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனையில் அது இலவசமாகவே கிடைக்கும். புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது.

எப்போது தொடங்குவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் யாருக்கும் நான் இறக்கத் தொடங்குவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்தது. அந்த வாரம் என்னிடம் வந்தவர்களில் சிலருக்குப் புதிதாக எந்த நோயும் இல்லை. மருந்துக் கடை மூடியிருந்தது அல்லது அட்டை தண்ணீரில் போய்விட்டது, அவ்வளவுதான். வென்லாஃபாக்ஸின் போடுகிற ஒருவர் முட்டளவு தண்ணீரில் வந்ததைவிட அந்தத் தலைச்சுற்றலோடு வந்ததுதான் பயமாக இருந்தது என்றார். மழைக்காலத்துக்கு ஒரு அட்டை கூடுதலாக, பிளாஸ்டிக் பையில் சுற்றி, உயரத்தில் வையுங்கள். கார்த்திகையில் மாலை போட்டதும் மாத்திரையை விட்டுவிடுகிற ஐயப்ப பக்தர்களும், கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று பெண்ணின் மாத்திரையைக் குப்பையில் போடுகிற அம்மாக்களும் ஆண்டுதோறும் வருகிறார்கள். அந்தப் பெண்கள் தாலி கட்டிய வாரத்தில் மாமியார் வீட்டில் வாந்தி எடுக்கும்போது மற்றவர்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள்; சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பயந்து நிறுத்துவதும் வேண்டாம். அதே வாரத்தில் மருத்துவரைப் பாருங்கள், தொடர்வதா இறக்குவதா என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

ஆண்களுக்கு ஒன்று. தூக்கம் வரவில்லை என்று இறங்கும் நாட்களில் எல்லை தாண்டிப் போய் புதுச்சேரி பிராந்தி வாங்கிக் குடிப்பது நடக்கிறது. மது மனச்சோர்வைக் கிளறும். குளோனசெபாமோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். தலைச்சுற்றல் இருக்கும் நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வண்டி ஓட்டுவதையும் தவிருங்கள். பிரம்மி, அமுக்கரா போடலாமா என்று கேட்பவர்களுக்கு: நிறுத்தல் தொந்தரவை அவை குறைக்கின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

இறங்கும் வழியில் எந்தக் கட்டத்திலாவது செத்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயம் வந்தால், இரண்டு மூன்று இரவு தூங்காமலே சோர்வில்லாமல் பேசிக்கொண்டே இருந்தால், வலிப்பு வந்தால், அது வீட்டில் பொறுத்துப் பார்க்கிற விஷயமல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

இப்போதைக்கு நீங்கள் 10 மி.கி.யிலேயே இருங்கள். உங்கள் மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நாள் நிறுத்தினேன், எந்த நாள் மின்னதிர்ச்சி வந்தது, எந்த நாள் மறுபடி போட்டேன், எத்தனை மணி நேரத்தில் தணிந்தது. "நிறுத்த முடியுமா" என்று கேட்டால் முடியாது என்ற பதில் எளிதாக வந்துவிடும். "10 மி.கி.யிலிருந்து 5க்கு எப்போது இறங்கலாம், அதற்குப் பிறகு 2.5க்கு எழுதித் தருவீர்களா" என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் வேறொரு மனநல மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறில்லை. அந்தத் தாளையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போக முடிந்தால் நல்லது. என் அறையில் பாதிச் சந்தேகங்களைக் கேட்பவர்கள் கூட வருகிற மாமியார்கள்தான்.